கோச்சடை வீட்டுக்கு வந்த ஆமைகள்

போன மாதம் நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில், நான் இப்போது இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்குள் ஓர் ஆமை வந்துவிட்டது. வாட்ச்மேன் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிட்டு வீடு வீடாக மணி அடித்தார். குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் பூசை போட வேண்டும் என்றார். இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், லிஃப்டில் என் காதருகே குனிந்து கேட்டார்.

"யார் வீட்டுக்குன்னு வந்துச்சோ, தெரியலையேம்மா?"

லிஃப்ட் என் மாடிக்கு வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது. அதனால் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் படித்தால் போதும். கோச்சடையில் நான் சின்னப் பெண்ணாக இருந்த வீட்டுக்குப் பின்னால் நெல் வயலும், வயலுக்குப் பின்னால் வாய்க்காலும், அதற்கும் பின்னால் வைகையும் இருந்தன என்று சொன்னால் இன்று நம்பக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

அந்த வீட்டுக்கு நாங்கள் சந்தோஷமாகக் குடிபோகவில்லை. அதற்கு முன் பழங்காநத்தத்தில் ஒரு காம்பவுண்டில் இருந்தோம். ஒரே குழாயில் எல்லா வீட்டுக் குடங்களும் வரிசையில் நிற்கும். அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். எனக்கு ஒரு தம்பி இருந்தான். நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதல் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் படம் எடுக்க வேண்டும் என்று அம்மா நீலத் துணியில் சட்டை தைத்திருந்தாள். அப்போது வீட்டில் ஏதோ செலவு வந்து தள்ளிப்போய், இரண்டாம் பிறந்தநாளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் விடிந்ததும் அவனைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே எனக்குப் பழைய சோறும் வெங்காயமும் கொடுத்தார்கள். மதியம் அப்பா மட்டும் திரும்பி வந்தார். வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார், பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. குடங்களோடு நின்ற பெண்கள் எல்லாரும் விலகி வழி விட்டதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். தம்பியின் தொட்டில் சேலை, நடைவண்டி, கிலுகிலுப்பை, அவன் பால் குடித்த வெள்ளைச் சங்கு, அந்த நீலச் சட்டை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து எங்கோ கொண்டு போனார். திரும்பி வரும்போது கேரியர் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கண்ணில் படாமல் இருந்தால் அம்மாவுக்குச் சீக்கிரம் ஆறிவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அம்மா சமைத்தாள், துவைத்தாள், எனக்குத் தலை பின்னினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பின்னும்போது பாதியில் கை நின்றுவிடும். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, வாடிப்பட்டியில் இருந்தார். அவர் வீட்டு மாமா கோச்சடையில் ஒரு சின்ன ஓட்டு வீடு வாங்கிப் போட்டிருந்தார். "அந்த வீட்டுலயே இருந்தா அவ மனசு தேறாதுப்பா. எடத்த மாத்து," என்று அத்தைதான் சொன்னார். தம்பி போன பிறகு வாடிப்பட்டியிலிருந்து வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டவர் அவர். இனி நான் சொல்லப்போவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

புது வீட்டின் பின்பக்கம் நீளமான தோட்டம். ஒரு கிணறு, துவைகல், அதன் தண்ணீர் ஓடிப் பாயும் இடத்தில் வாழைக் கூட்டம், ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. மதில் கிடையாது, முள்வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் வயல். ஐப்பசி மழையில் வயலுக்கும் தோட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தவளைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பச்சைப் புல்லும் மீனும் கலந்த வாசனை. அது துணிமணி, தலையணை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

அப்படி ஒரு மழைக் காலையில் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனேன். துவைகல்லுக்குக் கீழே தோசைக்கல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். அது நகர்ந்தது.

நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள். ஆமை. அதன் முதுகு ஓடு மாதிரியே இல்லை. தோல் போர்த்திய மாதிரி வழவழப்பாக, சேற்று நிறத்தில் இருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் வயிற்றுப் பக்கத்தில் இருந்து இரண்டு மடல்கள் வந்து கதவு மாதிரி மூடிக்கொண்டன. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து முன்பக்கம் ஒரு நீள மூக்கு மட்டும் வெளியே வந்தது. பிறகு கண்.

"பயந்துக்கிட்டுக் கிடக்கு," என்றாள் அம்மா. "நீ அங்கிட்டுப் போயி வெளக்கு. அது பாட்டுக்குப் போகட்டும்."

அந்த மழைக்காலம் முழுக்க அவை வந்தன. அந்தப் பெரியது ஒன்று. அதைவிடச் சின்னதாக, முதுகில் பழைய வெட்டுத் தழும்போடு இன்னொன்று. இன்னும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாழையடிச் சேற்றில் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு புதைந்து கிடக்கும். நத்தையைப் பிடித்தால் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் கழுவினால் தண்ணீர் ஓடும் தடத்தோடு நடந்து வரும். அம்மா மீன் குடலைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். மாலையில் விளக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்பா முதல் தடவை பார்த்தபோது விளக்குமாற்றால் அதை வேலிக்கு வெளியே தள்ளினார். மறுநாள் அது வேலியில் இருந்த ஓர் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. அந்த வீடு கட்டுவதற்கு முன்னாலேயே அவை நடந்த பாதையாக அது இருந்திருக்க வேண்டும். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது," என்று அப்பா தானாகவே சொன்னார், யாரும் கேட்காமல். "அக்காவுக்குத் தெரிஞ்சா சத்தம் போடும். அம்புட்டுத்தான்." ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்ற பேச்சை நாம் எல்லாரும் கேட்டுத்தான் வளர்ந்தோம். அவரும் அப்படித்தான் வளர்ந்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அம்மா கிணற்றடியில் நின்று, பேசாதே என்று வாயில் விரலை வைத்தாள். வாழைக்கு அந்தப் பக்கம், மண் கொஞ்சம் மேடாக இருந்த இடத்தில் அந்தப் பெரிய ஆமை இருந்தது. பின்னங்கால்களால் குழி பறித்து அதற்குள் முட்டை போட்டுக்கொண்டிருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு, உருண்டையாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஒவ்வொன்றாக விழும்போதும் அது கழுத்தைக் கொஞ்சம் நீட்டும். முடிந்ததும் பின்னங்காலாலேயே மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஏறி உடம்பால் அழுத்திச் சமன் செய்தது. பிறகு வேலி ஓட்டையில் நுழைந்து போய்விட்டது.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன் தெரியுமா," என்றாள் அம்மா. அவள் முகம் வேர்த்திருந்தது. "பெத்துட்டு, மூடிட்டு, அது பாட்டுக்குப் போகுது பாரு."

அவள் அந்த இடத்தைச் சுற்றிச் செங்கல் வைத்தாள். நாயும் கீரியும் தோண்டாமல் இருக்க ஒரு பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே கல்லை ஏற்றினாள். அதற்குப் பிறகு தினமும் அங்கே போய் உட்கார்ந்து ஏதாவது முணுமுணுப்பாள். நான் கேட்டால் நிறுத்திவிடுவாள். அப்பா இதைச் சமையல்கட்டு சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் கறுப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அம்மா அதைச் சொன்னபடி குடித்தாள்.

பொங்கலுக்கு அத்தை வாடிப்பட்டியிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்தார். கை கழுவக் கிணற்றடிக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். தழும்பு ஆமை துவைகல்லின் மேலேயே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எம்புட்டு நாளா இது நடக்குது?" என்று அப்பாவைக் கேட்டார். "ஏப்பா, ஒனக்குப் புத்தி இருக்கா? ஏற்கெனவே ஒண்ணக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்து உக்காந்திருக்க. இருக்கிறது இந்த ஒத்தப் புள்ள." அவர் என்னைப் பிடித்து இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார்.

அம்மா அடுப்படியில் இருந்து வந்தாள். "மதினி, அது என்ன செய்யும்? தண்ணிக்கு வருது, போகுது."

"நீ பேசாத. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"முட்டை வச்சிருக்கு மதினி."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அத்தை அப்பா பக்கம் திரும்பி, "இது பெருகுறதுக்கு முன்னாடி தரையப் போட்டு விடு. சிமெண்டு, சல்லி எல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்றார். அப்பா அப்போது சம்மதிக்கவில்லை. பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

மாசி மாதத்தில் எனக்கு உடம்பு சுட்டது. பெரிய காய்ச்சல் ஒன்றும் இல்லை. அம்மா மிளகு தட்டிக் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீசிலிருந்து வந்த அப்பா என் நெற்றியைத் தொட்டார். சட்டைகூட மாற்றவில்லை. என்னைத் தூக்கி சைக்கிளில் உட்கார வைத்துத் துண்டால் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். "காப்பியக் குடிச்சிட்டாவது போகட்டும்," என்று அம்மா கூப்பிட்டது காதில் விழாத மாதிரி போனார். வழியெல்லாம் அவர் நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்து, "இதுக்கா சார் இப்படி ஓடி வந்தீங்க?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எனக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது. அவருக்குத்தான் சரியாகவில்லை. அதன் பிறகு மாலையில் வீட்டுக்கு வந்தால் முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரே தோட்டத்தைப் போய்ப் பார்ப்பார்.

பெரிய லீவு விட்டதும் என் தாய்மாமா கல்யாணத்துக்காக அம்மாவும் நானும் அவள் பிறந்த ஊருக்குப் போனோம். அப்பா கல்யாணத்தன்று வந்து தலையைக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிட்டார். நாங்கள் தங்கி மறுவீடு எல்லாம் முடித்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா கையில் ஒயர் கூடையோடு வாசலுக்கு வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. நீண்ட நாளுக்குப் பிறகு அதைப் பார்த்தேன்.

"வா, வந்து பாரு," என்று அம்மாவைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

கிணற்றிலிருந்து வேலி வரை சிமெண்டுத் தரை. ஓரத்தில் இன்னும் ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்தார்கள். வாழை இல்லை. செம்பருத்தி இல்லை. வேலி ஓரத்தில் செங்கல் அடுக்கி ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. புதுத் தரை வெடிக்காமல் இருக்க, கொத்தனார் அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பச்சைச் சிமெண்டு வாசனை மூக்கில் ஏறியது.

"இனிமே சேறு கெடையாது. வழுக்காது. நீ செருப்பில்லாம நடக்கலாம்," என்றார் அப்பா.

அம்மா ஒயர் கூடையைக் கீழே வைத்தாள். "கூடை எங்க?"

"எந்தக் கூடை?"

அம்மா அவரைக் கேட்பதை விட்டுக் கொத்தனாரிடம் திரும்பினாள். "அண்ணே, இங்கன ஒரு மூங்கில் கூடை கவுத்து இருந்துச்சே. அதுக்குக் கீழ தோண்டுனீகளா?"

"இல்லத்தா. மேலாக்க மண்ண வழிச்சுட்டு, சல்லியக் கொட்டிக் கட்டையால இடிச்சு மட்டம் பண்ணுனோம். தோண்டல."

சுவரில் கொத்தனாரின் கடப்பாரை சாத்தியிருந்தது. அம்மா அதை எடுத்தாள். ஊருக்குப் போன பட்டுச்சேலையோடுதான் நின்றாள். வாழை இருந்த இடத்தைக் கண்ணால் அளந்து, கடப்பாரையைத் தூக்கிப் போட்டாள். முதல் அடியில் ஒரு வெள்ளைத் தழும்புதான் விழுந்தது. இரண்டாவது அடியில் விரிசல்.

"ஏய்! கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" அப்பா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "அக்கா வீடு இது. நான் என்னன்னு பதில் சொல்றது? சரி, விடு. இருட்டப் போகுது. காலையில பாத்துக்கிடலாம்."

அம்மா கடப்பாரையை இறக்கினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீக," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. கொத்தனார் கையில் இருந்த மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டார்.

"புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, இப்பவே போவோம்னு சொன்னேன். பொழுது போயிருச்சு, காலையில பாத்துக்கிடலாம்னு சொன்னீக."

அப்படி ஒரு பேச்சு அவர்களுக்குள் நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த ஒரு வருஷமாக அதை அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுமந்துகொண்டு என் முன்னால் சாப்பிட்டு, எழுந்து, நடமாடியிருக்கிறார்கள். அப்பா சைக்கிளை அப்படி மிதித்தது எதற்காக என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

"எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுபோயிட்டீக. ஒரு சட்டையாவது விட்டீகளா? இப்ப இதையும் மூடிட்டீக," என்றாள் அம்மா. "மூடிட்டா ஆச்சா?"

கொத்தனார் என்னைத் தாண்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாசல் வழியாகப் போய்விட்டார். அப்பா சட்டையைக் கழற்றிக் கிணற்றுக் கட்டையில் போட்டார். அம்மா கையில் இருந்த கடப்பாரையை வாங்கினார்.

"தள்ளிக்க," என்றார்.

அவர் பேனா பிடித்த ஆள். கடப்பாரை அவர் கையில் வழுக்கியது. ஆனாலும் விடவில்லை. புதுச் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அம்மா அவற்றைக் கையாலேயே தூக்கித் தூக்கி ஒதுக்கினாள். கொஞ்சம் ஆழம் போனதும், "போதும், இனிமே இரும்பு வேண்டாம்," என்று அவரைத் தடுத்துவிட்டு, சல்லியைக் குவித்துக் குவித்து வெளியே போட்டாள். மேல் வரிசையில் இருந்த முட்டைகள் நசுங்கியிருந்தன. வாடை அடித்தது. அம்மா அவற்றை ஓரத்தில் கிடந்த ஒரு வாழைச் சருகில் எடுத்து வைத்தாள். அதற்குக் கீழே, ஈர மண்ணுக்குள், மற்றவை முழுசாகத் தெரிந்தன. அவள் தொடவில்லை. நல்ல மண்ணாகப் பார்த்து அள்ளிப் பழையபடி மூடினாள்.

அப்பா பெயர்த்த பாளங்களின் மேல் உட்கார்ந்து அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழத் தெரியாதவர் அழும்போது வரும் சத்தம் அது, இருமல் மாதிரி. அம்மா அவர் பக்கம் போகவில்லை. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. அவர் கையை வாளிக்குள் விட்டுக்கொண்டு அப்படியே இருந்தார்.

அத்தைக்கு விஷயம் போயிற்று. பஸ் ஏறி வந்தார். உடைந்த தரையையும் பிரித்து எறிந்த வேலிச் செங்கலையும் பார்த்தார். அப்பா, "அது இருக்கட்டும்க்கா," என்று மட்டும் சொன்னார். அத்தை கோபமாகப் பேசுவார் என்று நான் ஒளிந்துகொண்டேன். அவர் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "புள்ளைக்குப் பயந்துதான் சொன்னேன்," என்றார். அம்மா, "தெரியும் மதினி," என்றாள். பிறகு இரண்டு பேரும் கீரை ஆய்ந்தார்கள்.

இப்போது எனக்கு அப்பாவின் அன்றைய வயதைவிட இரண்டு மடங்கு வயது. அவரும் இல்லை, அத்தையும் இல்லை. அம்மா தொண்ணூறை நெருங்கிக்கொண்டு என் தம்பி பெயரை என் பேரனுக்கு வைத்துக் கூப்பிடுகிறாள், தெரிந்து கூப்பிடுகிறாளா தெரியாமல் கூப்பிடுகிறாளா என்று நான் கேட்பதில்லை. சில வருஷத்துக்கு முன்பு தெரிந்த ஒரு குழந்தை மருத்துவரிடம் அந்தக் காய்ச்சலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு சொல்லிக் கேட்டேன். "அன்னைக்குச் சாயங்காலமே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார். அந்தப் பதிலை வாங்கிக்கொள்ள வேண்டியவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்திருந்தாலும் அது அவருக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் ஆடி முடியும் சமயத்தில் நல்ல இடியோடு ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் அம்மா தோட்டத்தில் இருந்து, "என்னங்க, இங்க வாங்க, சீக்கிரம் வாங்க," என்று கூப்பிட்டாள். பாதி சவரத்தோடு அப்பா ஓடினார், நான் பின்னால் ஓடினேன்.

மண் வெடித்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு, ஒரு கால். உள்ளங்கைக் குழியில் அடங்கும் அளவு குட்டிகள், சேறு பூசிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன. எல்லாம் வரவில்லை. வந்தவை வந்த வேகத்தில் நடந்தன. சிமெண்டு ஓரத்தில் இடித்துத் திரும்பின. வேலிக்கு அப்பால் காக்கைகள் ஏற்கெனவே கூடிவிட்டன.

"இப்பவே கொண்டுபோய் விட்டுருவோம்," என்றார் அப்பா. "எடு, எடு."

அவர் அன்று ஆபீசுக்குப் போகவில்லை. அம்மா அலுமினியச் சட்டியில் ஈரமண் போட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். வயல் வரப்பில் வரிசையாக நடந்து வாய்க்காலுக்குப் போனோம். அந்த வருஷத்து முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கோரை அடர்ந்து ஓட்டம் குறைந்த இடமாகப் பார்த்து அப்பா வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். அம்மா கரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் கையைத் தண்ணீருக்குள் இறக்கி விரலை விரிப்பார். அது ஒரு நிமிஷம் யோசிக்கும். பிறகு கோரைக்குள் போய்விடும்.

கடைசிக் குட்டியை அம்மா கரையிலேயே விட்டாள். அது சேற்றில் தட்டுத் தடுமாறி, விழுந்து, எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவனும் இப்படித்தான் நடந்தான்," என்றாள்.

அப்பா தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். அவர் வழக்கம்போல் பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமா," என்றார். "எடது பக்கமாச் சாஞ்சுக்கிட்டே போவான். கதவுல போயி முட்டிட்டுத் திரும்பி நம்மளப் பாத்துச் சிரிப்பான்."

"அழ மாட்டான்."

"அழ மாட்டான். ஒரு தடவை நெத்தி வீங்கிப்போச்சு, அப்பவும் சிரிச்சான்."

அப்பா கரையேறினார். அம்மா காலிச் சட்டியைத் தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டாள். வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடம் கிடையாது. ஆனாலும் அவர்கள் சேர்ந்துதான் நடந்தார்கள். அம்மாவின் ஒரு கால் வயல் சேற்றில் இறங்கி இறங்கி வந்தது. அவன் பேசிய நாலைந்து சொற்கள், அவனுக்குப் பிடிக்காத சோறு, தூக்கத்தில் அவன் பிடித்துக்கொள்ளும் அம்மாவின் காது, எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். நான் பின்னால் வந்தேன். பெயர் சொல்லித்தான் பேசினார்கள்.